ஒன்பதாம் பலகை

நகராட்சி அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஆணையர் முதல் வரி கட்ட வருகிறவர் வரை எல்லாருக்கும் அவள் பலகையக்காதான். தெருப் பெயரா, பூங்கா மூடும் நேரமா, குப்பை கொட்டாதே என்ற எச்சரிக்கையா, எதுவானாலும் வாசகம் அவள் மேசையைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போகும். இருபத்தேழு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு பிழை தப்பியதில்லை. அம்மைபோட்டு ஒரு வாரம் வீட்டில் கிடந்தபோது மட்டும் குளக்கரையில் ‘இங்கே குளிக்கக் கூடும்’ என்று ஒரு பலகை முளைத்துவிட்டது. நகராட்சியே சொன்ன பிறகு என்ன என்று பாதி ஊர் துண்டோடு கிளம்பிப் போனது.

ஊருக்கு நூற்றைம்பது வயது என்று யாரோ கணக்குப் போட்டுச் சொல்ல, ஊரின் பழைய இடங்களில் பதினான்கு வரலாற்றுப் பலகைகள் வைப்பதென்று தீர்மானமாயிற்று. எழுதும் வேலை, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாரிடம் போனது. அவர் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தும் பாடம் நடத்துவதை விடாதவர். டீ ஆறுவதற்குள் மூன்று நூற்றாண்டைத் தாண்டிவிடுவார் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். ஆனால் வேலையில் கறார். ஒரு தேதியைச் சரிபார்க்க மூன்று பஸ் மாறி ஆவணக் காப்பகம் போய்வருவார். திங்கள்கிழமைதோறும் நான்கைந்து தாள்களோடு அவள் மேசைக்கு வருவார். அவள் படித்து, குறைத்து, பிழை பார்த்துத் தட்டச்சு செய்வாள்.

அப்படித்தான் அவளுக்குத் தன் ஊரே புதிதாகத் தெரியவந்தது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து தோண்டிய கிணறு முதல் பலகை. மணி நான்கு இருபதிலேயே பதினொரு வருடம் நின்றுபோயிருந்த மணிக்கூண்டு இரண்டாவது. தபால் நிலையச் சுவரில் நெஞ்சுயரத்துக்கு இருக்கும் வெள்ளக் கோடு நான்காவது. அன்றைக்கிருந்த போஸ்ட்மாஸ்டர் கடிதப் பைகளை மின்விசிறியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு கடிதம்கூட நனையாமல் காப்பாற்றினாராம். ஆறாவது, தீப்பிடித்து எரிந்த சினிமாக் கொட்டகை. படம் அவ்வளவு மட்டம் என்பதால் உள்ளே ஆளே இல்லை, ஆகவே உயிர்ச்சேதமும் இல்லை என்று வாத்தியார் எழுதிவந்தார். “படம் மட்டம்னு போடலாமா சார்?” என்று கேட்டாள். “உண்மைதானேம்மா. உயிரைக் காப்பாத்தின படம்,” என்றார் அவர்.

எட்டு முடிந்து ஒன்பது வர வேண்டிய திங்கள்கிழமை, வாத்தியார் வரவில்லை.

ஒன்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். பட்டியல் வந்த அன்றே தெரியும். பழைய ரயில்வே கேட்.

அங்கே இப்போது கேட் கிடையாது. மேம்பாலம் வந்து, சாலையை முள்செடி மூடிவிட்டது. பாலத்தின் அடியில் ஒரு கல் மட்டும் இருக்கிறது. நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன் மில் தொழிலாளிகள் சேர்ந்து நட்ட கல். ‘கேட் காவலாளி பணி நேரத்தில் உறங்கியதால் இவ்விடத்தில் பதினோரு உயிர்கள் பலியாயின.’ பிற்பகல் மூன்று பத்துக்கு, நேர அட்டவணையில் இல்லாத ஒரு சரக்கு ரயில், திறந்திருந்த கேட்டைக் கடந்துகொண்டிருந்த மில் வேனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் காவலாளி அவளுடைய அப்பா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அப்பாவுக்கு மூன்று வருடம் சிறை. வேலை போயிற்று, கேட்டை ஒட்டியிருந்த இரண்டு அறை வீடும் போயிற்று. திரும்பி வந்து மரக்கடையில் அளவு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவள் ‘தூங்குமூஞ்சி பொண்ணு’. வகுப்பில் ஒரு கொட்டாவிவிட முடியாது. கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கும் வளர வளர அதே பட்டம். அவன் படிப்பு முடிந்த கையோடு ஊரைவிட்டுப் போனான், பிறகு தலைகாட்டவில்லை. கடைத்தெருத் தையல்காரரின் அண்ணன் அந்த வேனில் போனவர். இவர்கள் வீட்டுத் துணியை அவர் வாங்கியதே இல்லை. திட்டமாட்டார், முகத்தைச் சுளிக்கவும் மாட்டார். “துணி நிறைய சேர்ந்துகிடக்கு,” என்பார். அவ்வளவுதான். முதல் தடவை அதைக் கேட்டுத் திரும்பியபோது அவளுக்குப் பத்து வயது, அடுத்த தடவை பதினெட்டு.

விசாரணையில் ஸ்டேஷன் மாஸ்டர், மூன்று முறை கேட்டுக்கு மணி அடித்தேன், யாரும் போனை எடுக்கவில்லை என்றார். அப்பா சொன்னது ஒரே வரி. “மணி எனக்குக் கேக்கலை.” நீதிபதியிடமும் அதுதான், அம்மாவிடமும் அதுதான். அவளுக்கு இருபத்திரண்டில் ஒரு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போய், கல்லைப் படித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். அன்று அவள் அப்பா முன்னால் போய் நின்றாள்.

“தூங்கினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“மணி எனக்குக் கேக்கலைம்மா.”

“பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு,” என்றாள்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. பேச்சு திரும்பவும் வந்தது, சோறு போடவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் வேண்டிய அளவுக்கு. அவர் இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவே இல்லை.

வாத்தியார் புதன்கிழமை வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறவர், சத்தமில்லாமல் எதிரில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒன்பதாவதை வேற யாராவது பாக்கட்டுமான்னு யோசிச்சேன். அப்புறம், உங்ககிட்ட காட்டாம வேற யார்கிட்ட காட்டுறதுன்னு தோணிச்சு.”

“வேலைதானே சார். குடுங்க.”

“ரயில்வேயோட பழைய கோப்பெல்லாம் காப்பகத்துக்கு வந்திருக்கு. விபத்துக் கோப்புல இது இல்லை. விடுப்பு விண்ணப்பம்னு தனியா ஒரு கட்டு. தற்செயலாத்தான் கண்ணுல பட்டுது.”

நகல் எடுத்த ஒற்றைத் தாள். கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ‘ல’வின் வாலை மேலே சுழித்துவிடுவது அப்பாவின் வழக்கம். விபத்து நடந்த அன்றைய தேதி. காலை ஆறு மணிக்குக் கொடுத்தது.

‘ஐயா, என் மகள் கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டில் இருபது நாள் குழந்தை இருப்பதால் மனைவி துணைக்கு இருக்க முடியவில்லை. இரண்டு இரவாக நானே உடன் இருந்து வருகிறேன். கண் மூடவில்லை. இந்த நிலையில் கேட்டில் நிற்பது ஆபத்து என்று அஞ்சுகிறேன். இன்று ஒரு நாள் மாற்று ஆள் தர வேண்டுகிறேன்.’

கீழே வேறொரு மையில், வேறொரு கையில், இரண்டே வாக்கியம். ‘ஆள் இல்லை. பணியில் சேரவும்.’

அவள் இரண்டாவது தடவை படித்தாள். ஆஸ்பத்திரி அவளுக்கு நினைவிருந்தது. பச்சை வண்ணம் பூசிய சுவர், நெற்றியில் ஈரத் துணி, துணியை மாற்றிக்கொண்டே இருந்த ஒரு கை. வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. காய்ச்சலையும் ரயிலையும் அவள் மனம் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. யாரும் வைத்துக் காட்டியதுமில்லை.

“கோர்ட்ல இது வரவே இல்லை,” என்றார் வாத்தியார். “ரயில்வே மறைச்சது புரியுது. உங்கப்பா ஏன் சொல்லலைன்னுதான் எனக்குப் புரியலை. போடணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. கல்லுல இருக்கிற வரியை மட்டும் எடுத்துட்டு, விபத்து நடந்ததுன்னு போட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.”

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். உடனே கிடைத்தது.

அம்மா கூடத்தில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது, கண் பாதி போய்விட்டது, விரல்தான் பார்க்கும். இந்த நேரத்தில் ஏன் வந்தாய் என்று கேட்க வாயெடுத்தவளை உட்காரவைத்து, பலகை விஷயத்தைச் சொல்லி, அவள் கடிதத்தை வாசித்தாள். அம்மா தலையணை உறையை மடிப்பதை நிறுத்தவில்லை.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“எழுதினப்ப பக்கத்துலதானே இருந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, நின்னுக்கிட்டே எழுதினார். உட்கார்ந்தா தூங்கிடுவேன்னு.”

“கோர்ட்ல சொல்லியிருந்தா?”

“வக்கீலும் அதைத்தான் சொன்னார். ‘புள்ளைக்கு உடம்பு சரியில்லை, ரெண்டு ராத்திரி முழிச்சிருந்தேன், லீவு கேட்டும் தரலைன்னு சொல்லுங்க, தண்டனை பாதியாக் குறையும்’னார். நான் கால்ல விழாத குறையாக் கேட்டேன். உங்கப்பா ஒத்துக்கலை.” அம்மா உறையை மடியில் வைத்து நீவிவிட்டாள். “‘நாளைக்கு இந்த ஊர் அவளைப் பாத்து உன்னாலதான் பதினோரு பேர் போனாங்கன்னு சொல்லும். ஒம்போது வயசுப் புள்ளை தலையில அதை ஏத்தச் சொல்றியா’ன்னார். என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் உள்ள போனார்.”

“நான் அவரைப் பொய் சொல்றீங்கன்னு சொன்னேன்மா.”

“அவர் பொய் சொல்லலையே. தூங்கினவனுக்கு மணி எப்படிக் கேக்கும்? கேக்கலைன்னார், அவ்வளவுதான்.”

“அன்னிக்காவது நீ சொல்லியிருக்கலாம்.”

“சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பாத்தார். விட்டுட்டேன்.”

அவள் அழுதாள். ஐம்பத்திரண்டு வயதில், வேலைநாளின் வெயில் வாசல்வரை வந்து கிடக்க, மடித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அம்மா தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. வெகுநேரம் கழித்து, “பலகையில ஏத்திடாதே. அந்த மனுஷன் உயிரைக் குடுத்துக் காப்பாத்தினதை நீயே போட்டு உடைச்சுடாதே,” என்றாள்.

அந்த ஒரு விஷயத்தில் அவள் அம்மா பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் காலை வாசகத்தை அவளே எழுதினாள். பதினோரு பெயர்கள், வயதுகள். பிறகு: ‘நோயுற்ற மகளுக்கு இரண்டு இரவுகள் துணையிருந்த காவலர், அன்று காலை மாற்று ஆள் கேட்டு விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. பணியில் உறங்கிவிட்டார்.’ கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஊர் தன்னைப் பார்த்துச் சொல்வதைச் சொல்லிக்கொள்ளட்டும். ஒன்பது வயதில் தாங்க முடியாததை இப்போது தாங்கலாம். வாத்தியார் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒப்பமிட்டார்.

ஆணையர் கெட்டவர் அல்ல. வயதில் அவளைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். தாளை இரண்டு நாள் வைத்திருந்து, அவளை அழைத்தார்.

“அக்கா, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா ‘மறுக்கப்பட்டது’ங்கிற வரி வேண்டாம். பாலத்துக்கடியில இருக்கிறது ரயில்வே இடம். அவங்க அனுமதி குடுக்கணும். அவங்களையே குத்தம் சொல்ற பலகையை வைக்க எப்படி விடுவாங்க? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். படிக்கிறவங்களுக்கு உங்கப்பா மேல பரிதாபம்தான் வரும்.”

அவர் சிவப்பு மையால் ஏற்கெனவே கோடு போட்டிருந்தார். அவள் மிச்சத்தைப் படித்துப் பார்த்தாள். நோயுற்ற மகளுக்கு இரண்டு இரவுகள் துணையிருந்த காவலர், பணியில் உறங்கிவிட்டார். இருபத்தேழு வருடமாக வாசகம் குறைக்கிறவளுக்கு, ஒரு வரியை எடுத்தால் மிச்சம் என்னவாகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆள் இல்லை என்று எழுதிய கை மறைந்துவிட்டது. எஞ்சியது ஒரு குழந்தையின் காய்ச்சலும் ஒரு தகப்பனின் தூக்கமும்தான். எதைத் தவிர்ப்பதற்காக அப்பா சிறைக்குப் போனாரோ, அது இப்போது நகராட்சி முத்திரையோடு நிற்கும்.

“அதை எடுக்கிறதா இருந்தா எல்லாத்தையும் எடுத்துடுங்க,” என்றாள்.

“எல்லாத்தையும்னா?”

“பேரும் தேதியும் மட்டும் போதும். ‘ரயில்வே கேட் திறந்திருந்தது.’ அதோட நிறுத்திக்கலாம்.”

“அப்ப உங்கப்பா பத்தி ஒண்ணுமே இருக்காதே அக்கா.”

“இருக்காது.”

ரயில்வே அனுமதி நான்கே நாளில் வந்தது. பழைய கல்லைப் பெயர்த்து நகராட்சிக் கிடங்கில் போட்டார்கள். நீல நிறப் பலகை, வெள்ளை எழுத்து, ஒரு பிழையில்லை. அம்மாவிடம் சொன்னபோது, “நல்லதாப் போச்சு,” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கல்லில் அப்பா குற்றவாளியாகவாவது இருந்தார். பலகையில் அவர் எங்குமே இல்லை.

மூன்றாம் நாள் மதியம் தையல்காரர் அலுவலகத்துக்கு வந்தார். அறுபது வயது, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து நேராக எழுந்து வந்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வருடத்தில் ‘துணி நிறைய சேர்ந்துகிடக்கு’ தவிர அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

“அந்த வரியை எடுத்தது நீங்கதானே?”

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது.

“உட்காருங்கண்ணே.”

“உட்கார வரலை. தூங்கினார்னு எழுதியிருந்ததை எடுத்திருக்கீங்க. ஆபீஸ்ல நீங்க இருக்கீங்க, பேனா உங்க கையில இருக்கு. எங்க வீட்டுல செத்தவனுக்குப் பேசுறதுக்கு அந்தக் கல்லு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் பேத்துட்டீங்க.”

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்குப் பட்டது. எழுந்து, கைப்பையிலிருந்து தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். அம்மாவின் சத்தியம் நினைவுக்கு வந்தது. இருந்தும் நீட்டிய கையை இழுக்கவில்லை. அவர் நின்றபடியே, தூரத்தில் பிடித்து, உதடு அசைய மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போனார்.

“அந்தப் பொண்ணு நீங்கதானா?”

“நான்தாண்ணே.”

அவர் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“இதைத் தெரியாமலே நான் போய்ச் சேர்ந்திருக்கலாம்,” என்றார் கடைசியில். “இத்தனை வருஷம் வைய ஒரு ஆள் இருந்தார். காலையில கடை தொறக்கும்போது மனசுக்குள்ள ஒரு தடவை வைவேன், அப்பத்தான் கை வேலையில நிக்கும். இனிமே யாரை வையறது? இந்தக் கையெழுத்துக்காரன் யாருன்னுகூடத் தெரியலையே.”

“எனக்கும் தெரியலைண்ணே.”

“இருக்கமாட்டான். இருந்தாலும் அவனுக்கு ஞாபகம் இருக்காது.” அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். “உங்கம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“ஒரு நாள் வரேன்னு சொல்லுங்க.”

சொன்னாள். ஏன் காட்டினாய் என்று அம்மா கோபப்படுவாள் என எதிர்பார்த்தாள். அம்மா கோபப்படவில்லை. அன்றிலிருந்து சாயங்காலமானால் முகம் கழுவி, நல்ல புடவையாக உடுத்தி, வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு போயிற்று. இடையில் மற்ற ஐந்து பலகைகளும் ஊரில் நின்றுவிட்டன, விழா நடந்தது, ஆணையர் பேசினார், வாத்தியாருக்குச் சால்வை போர்த்தினார்கள். தையல்காரர் வரவில்லை. “வரமாட்டாரும்மா, ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார்,” என்றாள் அவள். அம்மா நாற்காலியை மாற்றவில்லை.

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, அவள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது தையல்காரர் தெருமுனையில் எதிரே வந்தார். தலையை ஒரு முறை அசைத்துவிட்டு நிற்காமல் போனார். அவள் வேகமாக வீட்டுக்கு வந்தாள். அம்மா நாற்காலியில் இருந்தாள். எதிரில் இன்னொரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

“என்னம்மா சொன்னார்? அப்பாவைப் பத்திப் பேசினாரா?”

“இல்லை. அவரும் பேசலை, நானும் பேசலை.”

“பின்னே?”

“அவங்கண்ணனுக்கு என்ன வயசுன்னு கேட்டேன். பத்தொம்பதாம்.” அம்மா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றினாள். “எங்களுக்குப் பேரெல்லாம் தெரியாதுடி. தினம் அந்த வேன் நம்ம வீட்டைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோரம் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். கடைசி ஒரு வாரமா மஞ்சச் சட்டை போட்டிருந்தான், ஒரு பக்கக் காலர் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும். உங்கப்பா சலாம் போடுவார், அவனும் போடுவான். அந்தப் பையன் உங்கண்ணனான்னு கேட்டேன்.”

“அவர்தானா?”

“ஆமாம். தையல்காரர் அப்பத்தான் தொழில் பழகிட்டு இருந்தாராம். காலர் சரியா வரலையாம், அண்ணன் அதையே போட்டுக்கிட்டுப் போனானாம். அவர் தைச்ச முதல் சட்டையாம் அது.”

அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.